மூன்றாவது கம்பி



புது வீடு கட்டியதும் குருவானவரை அழைத்து மந்திரிக்கிறோம். அறைதோறும் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. அங்கு வாழ்வோர்க்கு யாதொரு தீங்கும் நேராதிருக்க மன்றாடுகிறோம். ஆனால் அதே வீட்டில் உயிர்காக்கும் கம்பி ஒன்றைக் குறித்துக் கவலையற்றிருக்கிறோம். 'எர்த்' என நாம் வழங்கும் பச்சை நிற நிலக்கம்பியே அது.

இஸ்திரிப்பெட்டி, கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் ஒயருக்குள் மூன்று கம்பிகள் உள்ளன. ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. மற்றொன்று திரும்பக் கொண்டுசெல்கிறது. மூன்றாவது, கருவியின் உலோக உடலை வெளியே மண்ணில் புதைத்த குழாயோடு இணைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. பிளக்கில் அதன் முனை மட்டும் நீண்டு தடித்திருக்கும். செருகும்போது முதலில் இணைந்து, கழற்றும்போது கடைசியில் பிரிவதற்காகவே அவ்வாறு அமைத்தனர். ஆயினும் அது வேலை செய்வதைக் கண்டவர் இல்லை. ஆதலால் அம்முனையை ஒடித்துவிட்டு இரண்டு துளைகளில் செருகுவோரும், செலவைக் குறைக்க இரட்டைக் கம்பியே போதும் என்போரும் உளர்.

என்றேனும் ஒரு நாள் உள்ளே கம்பியின் மேலுறை தேய்ந்து, மின்சாரம் கருவியின் உடலில் ஏறுகிறது. நிலக்கம்பி செம்மையாக இருந்தால் அது மண்ணை நோக்கிப் பெருகி ஓடும். அவ்வேகத்தில் பியூஸ் எரிந்து இணைப்பு அறும். நிலக்கம்பி இல்லையேல் பியூஸ் எரியாது. கருவியும் வழக்கம்போல் ஓடும். ஆனால் அதன் உடலில் 230 வோல்ட் காத்து நிற்கும். ஈரக்கையுடன் தொடுபவரின் உடலே மண்ணுக்குச் செல்லும் வழியாகிவிடும். 5 ஆம்பியர் பியூஸ் அவரைக் காக்காது; ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே மனித உயிரைப் பறிக்கப் போதும்.

அவ்வாறு தொடுபவர் யார்? சமையலறையில் நிற்கும் தாய். வெறுங்காலுடன் ஓடிவரும் குழந்தை. துணி துவைக்க வரும் ஏழைப் பெண். ஐந்தாம் கட்டளை ஆயுதம் எடுப்பவனுக்கு மட்டும் உரியதன்று. ஆபத்தை அறிந்தும் அசட்டையாயிருப்பவனும் அதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவனே.

ஆகவே, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலக்கம்பி பிளக்கிலிருந்து மண்வரை அறுபடாதிருக்கிறதா எனச் சோதியுங்கள். காய்ந்த மண்ணில் மின்சாரம் எளிதில் இறங்காது. கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்துங்கள், அது நிலக்கம்பிக்குத் துணையேயன்றி மாற்றன்று. கருவியைத் தொட்டால் 'சுருக்' என்கிறதா? "லேசான ஷாக்தானே" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், அதுவே எச்சரிக்கை. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் தயங்காது கேளுங்கள். வாடகைக்கு விட்டிருப்போர் கேட்குமுன் செய்து கொடுங்கள்.

இல்லத்தைக் காப்பது இறைவனின் அருள். அவ்வருளோடு ஒத்துழைப்பது நம் கடமை.