தொட்டியில் வளர்த்ததைக் குளத்தில் கொட்டாதீர்கள்



கொஞ்சம் கசப்பான பதிவுதான். கோபிக்காமல் கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளிடம் நமது ஊர்க் குளத்து மீன்களின் பெயரை எழுதச் சொன்னோம். விரால், சுங்கான், பனையான் என்று எழுதினார்கள். சிலர் ஒஸ்கார் என்றும் எழுதியிருந்தார்கள். "அது கண்ணாடித் தொட்டி மீன் மகன்" என்று சிரித்தோம். "இல்ல சேர், தூண்டில்ல நாங்களே புடிச்ச" என்றான் ஒருவன். நமது சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அந்த மீன் குளத்துக்குப் பறந்து வரவில்லை. நாம்தான் கொண்டுபோய் விட்டோம்.

எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒஸ்கார், ஜகுவார், பிளவர் ஹோர்ன் எல்லாம் வாங்கும்போது இரண்டு அங்குலம். வைப்பது இரண்டடித் தொட்டியில். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 57 லீற்றர் தண்ணீர்தான். ஒஸ்கார் ஓரடிக்கு வளரும் மீன். ஜகுவார் அதைவிடப் பெரியது. திரும்ப இடமில்லாமல், தன் கழிவிலேயே மூச்சுத் திணறிக் கிடக்கும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை ஜும்ஆவில் கேட்டுக் கண் கலங்குகிறோம். வீட்டுக்கு வந்து இதைச் செய்கிறோம்.

பிறகு சோடி சேர்கிறது. தட்டையான கல்லில் ஒரே தடவையில் ஆயிரத்துக்கு மேல் முட்டை. தாயும் தகப்பனும் காவல் நின்று, கிட்ட வரும் மற்ற மீனைக் கடித்துக் குதறும். படம் எடுத்துப் போட்டு மாஷா அல்லாஹ் வாங்குகிறோம். ஆயிரம் குஞ்சுக்கும் தொட்டி எங்கே? ஐம்பது விற்கும். மிச்சம் ஒரு நாள் இரவு வாளியில் குளத்துக்குப் போகும். வெளிநாடு போகும் தம்பியின் பெரிய மீனும் அதே வழிதான். "பாவம், உயிரோட விட்டுட்டேன்" என்பார். அந்த ஓர் உயிருக்காகக் குளத்தில் எத்தனை உயிர் போகிறது?

பனாமாவில் கட்டுன் ஏரி இருக்கிறது. அங்கே 1967 அளவில் பீகொக் பாஸ் என்ற மீன் தப்பி வந்து சேர்ந்தது. இதுவும் ஒஸ்காரின் குடும்பம்தான். சில வருடங்களில் அந்த ஏரியில் சாதாரணமாகக் கிடைத்த சிறு மீன்களில் பெரும்பாலானவை இல்லாமல் போயின. 1973இல் ஆய்வாளர்கள் இதை எழுதிவைத்தார்கள். நுளம்புக் குடம்பியைத் தின்ற மீன்களும் குறைந்ததால் மலேரியா பற்றியும் கவலைப்பட்டார்கள். அமேசன் மீனுக்கு நமது வெயிலும் வெதுவெதுத் தண்ணீரும் புதிதல்ல. குளிரால் சாகும் என்று இங்கே நம்பியிருக்க முடியாது.

"திலாப்பியாவும் வெளிநாட்டு மீன்தானே சேர்?" என்று கேட்கிறார்கள். உண்மை. 1952இல் கொண்டுவந்தார்கள். அது மக்கள் சாப்பிடுவதற்காக, தெரிந்து எடுத்த முடிவு. அது பெரும்பாலும் பாசியும் அழுகலும் தின்னும். ஜகுவார் மற்ற மீனை விழுங்கி வாழ்வது. இரண்டும் ஒன்றல்ல. முதலில் விட்டதில் தவறு இருந்தாலும், அது இரண்டாவதற்கு அனுமதியும் ஆகாது.

"பொடியன்மாரின் வருமானத்தைக் கெடுக்காதீங்க" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன் வளர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. போதைப்பொருள் சுற்றும் காலத்தில் தொட்டிக்கு முன்னால் குந்தியிருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அவர் வருமானம் அவருக்கு, அவர் கழிவு ஊருக்கு என்பது நியாயமா? அந்தக் குளத்தில் வலை போட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் வாப்பாவின் வருமானம் வருமானமில்லையா?

கேட்பது இவ்வளவுதான்.

பெரிய தொட்டி வைக்க இடமில்லையென்றால் இந்த மீன்களை வாங்க வேண்டாம்.

குஞ்சுக்கு ஆள் இல்லையென்றால் முட்டையிட்ட அன்றே கல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ, வளர்க்கும் வேறொருவருக்கோ கொடுங்கள்.

விற்கும் தம்பிமாரே, இந்த மீன் எவ்வளவு வளரும் என்று சொல்லி விற்பனை செய்யுங்கள். திருப்பித் தந்தால் எடுங்கள்.

குளத்திலும் வாய்க்காலிலும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம்.

குளம் நமது மூத்தவர்கள் நம்மிடம் தந்த அமானிதம். இன்னும் பத்து வருடத்தில் தரம் 8 பிள்ளை எழுதும் பட்டியலில் விரால் இருக்க வேண்டும்.