நினைவிழந்தவர் தந்த அறிவு

நினைவாற்றல் மிக்கவனை அறிவுடையோன் என்று போற்றுவதும், மறதி உடையவனை அறிவிலி என்று இகழ்வதும் உலகினர் வழக்கம். முதுமையாலோ நோயாலோ நினைவு குன்றியவரிடம் பேசுவதும் வீண் என்று ஒதுங்குவார் பலர். இவ்வழக்கம் ஆராய்ந்து கண்ட முடிபன்று. நினைவு என்பது ஒரே ஆற்றல். அஃது இருப்பின் முழுதும் இருக்கும், அழியின் முழுதும் அழியும் என்னும் பிழைபட்ட எண்ணமே இதற்கு வேராகும். அவ்வெண்ணத்தை வேரொடு களைந்தவர் இருவர். ஒருவர் ஆராய்ந்த அறிஞர். மற்றவர் அவரால் ஆராயப்பெற்ற நோயாளி.

அறிஞரின் பெயர் பிரெண்டா மில்னர். இவ்வம்மையார் 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கணிதம் பயிலச் சென்று, பின்னர் உளநூலை மேற்கொண்டார். 1944ஆம் ஆண்டில் கனடாவிற் குடியேறி, மாண்ட்ரீல் நகரின் நரம்பியல் நிலையத்தில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் மருத்துவரோடு பணியாற்றினார். மூளையில் அறுவை செய்யப்பெற்ற வலிப்பு நோயாளிகளின் அறிவையும் நினைவையும் அளந்தறிதல் அம்மையாரின் கடமை. அந்நாளில், நினைவுக்கென மூளையில் தனியிடம் இல்லை என்பதே அறிஞர் பலரின் கொள்கையாயிருந்தது. ஆயினும், மூளையின் பொட்டுப் பகுதியில் ஒரு புறம் அறுவை செய்யப்பெற்ற இருவர், எதிர்பாரா வண்ணம் புதிய செய்திகளை நினைவிற் கொள்ள இயலாதவராயினர். பென்ஃபீல்டும் மில்னரும் இதனை 1955ஆம் ஆண்டில் அறிஞர்க்கு அறிவித்தனர். அதனைக் கண்ட அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்கோவில், தம்மிடமும் அத்தகைய நோயாளி ஒருவர் உளர் எனத் தெரிவித்தார்.

அந்நோயாளியே ஹென்றி மோலேசன். இவர் 1926ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்திற் பிறந்தவர். இளமை முதற்கொண்டே வலிப்பு நோயால் வருந்தியவர். மருந்துகள் பயனளிக்கவில்லை, தொழில் செய்யவும் இயலவில்லை. 1953ஆம் ஆண்டில், இருபத்தேழாம் வயதில், ஸ்கோவில் அவருக்கு அறுவை செய்தார். மூளையின் இரு புறத்தும் பொட்டுப் பகுதியின் உட்கூறுகளை நீக்கினார். கடற்குதிரையின் வடிவை ஒத்திருத்தலால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அவற்றோடு நீங்கிற்று. வலிப்புப் பெரிதும் தணிந்தது. ஆனால், எவரும் எதிர்பாராத பெருந்துன்பம் ஒன்று வந்து சேர்ந்தது. நாள்தோறும் தம்மைப் பேணிய மருத்துவமனைப் பணியாளரையும் அவர் அறியாராயினார்.

வீடு திரும்பிய பின்னரும் நிலை மாறவில்லை. குடும்பத்தார் அதே தெருவில் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். மாதங்கள் பல கழிந்தும் புது வீட்டின் முகவரி அவருக்குத் தெரியவில்லை. படித்த இதழையே மீண்டும் மீண்டும் புதிதெனப் படித்தார். புல் வெட்டும் பொறியை நன்கு இயக்குவார். ஆயினும், முதல்நாள் பயன்படுத்திய அப்பொறி இருக்குமிடத்தை அன்னையே காட்டுதல் வேண்டும்.

1955ஆம் ஆண்டில் மில்னர் அவரைக் கண்டு ஆராயத் தொடங்கினார். அன்றைய நாள் யாது என வினவியபோது, 1953ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் என்று அவர் விடையளித்தார். தம் வயது இருபத்தேழு என்றார். ஆயினும் அவர் அறிவு மழுங்கவில்லை. மக்களின் சராசரி 100 ஆகக் கொள்ளப்படும் அறிவுத் தேர்வில் அவர் 112 பெற்றார். 584 என்னும் எண்ணை நினைவிற் கொள்ளுமாறு ஒருமுறை பணிக்கப்பெற்றார். காற்கூறு மணி நேரம் சென்றபின்னும் அதனைப் பிழையின்றிக் கூறினார். எண்களைக் கூட்டியும் கழித்தும் தாமே ஒரு வழி வகுத்து, இடையறாது மனத்துள் உருவிட்டுக் கொண்டிருந்தமையே அதற்குக் காரணம். மனம் வேறொன்றிற் செல்லவே, எண் மறைந்தது. எண்ணொன்று கூறப்பெற்றது என்னும் செய்தியும் உடன் மறைந்தது.

மற்றோர் ஆய்வே அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. இரட்டைக் கோடுகளால் ஆன விண்மீன் வடிவம் ஒன்று அவர்முன் வைக்கப்பெற்றது. அதனை நேரே காணாது, கண்ணாடியில் தோன்றும் நிழலை மட்டும் கண்டு, கோடுகளுக்கு இடையே எழுதுகோலைச் செலுத்துதல் வேண்டும். கை இடமும் வலமும் தடுமாறும். எவர்க்கும் தொடக்கத்தில் இஃது அரிதே. நாளொன்றுக்குப் பத்து முறையாக மூன்று நாள் அவர் பயின்றார். பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. மூன்றாம் நாள் கை தடையின்றி இயங்கிற்று. ஆனால், அப்பயிற்சியை முன்னர்ச் செய்த நினைவே அவர்க்கு இல்லை. மனம் அறியாததைக் கை கற்றுக்கொண்டது!

இவ்வாய்வுகள் உணர்த்தும் உண்மை தெளிவானது. நினைவு ஒன்றன்று. சிறு பொழுது மனத்திலே தாங்கும் நினைவு வேறு. நிகழ்ந்தவற்றை நெடுநாள் நிலைபெறச் செய்யும் நினைவு வேறு. பயிற்சியாற் கை பழகும் நினைவு வேறு. இவற்றுள் இடையதற்கே ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. இளமை நிகழ்ச்சிகளை மோலேசன் கூறவல்லவராயிருந்தமையால், நினைவு முழுவதையும் சேர்த்து வைக்கும் களஞ்சியம் அவ்வுறுப்பு என்பதும் பொருந்தாது. ஸ்கோவிலும் மில்னரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, நினைவு பற்றிய ஆராய்ச்சிக்குப் புதுவழி வகுத்தது. அத்தகைய அறுவையால் விளையும் கேட்டையும் மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியது.

நினைவே ஒருவனை அவனாக்குவது. அஃது இழந்தால் அவன் வெறுங் கூடே என்பார் உளர். மோலேசனின் வாழ்வு இதனை மறுக்கின்றது. மில்னர் அவரைப் பல்லாண்டு சந்தித்தும், ஒவ்வொரு முறையும் புதியவராகவே அவர் வரவேற்றார். எனினும் அவ்வரவேற்பிற் பண்பு குறையவில்லை. அவர் சொற்புதிர்களை விரும்பி விடுவித்தார். ஐம்பதாண்டுக்கு மேல் ஆய்வுகளுக்கு இணங்கி உதவினார். தாம் உதவியதையும் அவர் அறியார். 2008ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், எண்பத்திரண்டாம் வயதில், அவர் இயற்கை எய்தினார். அதுவரை நூல்களில் அவர் பெயரின் முதலெழுத்துகளே வழங்கின. முழுப்பெயரை உலகம் அதன் பின்னரே அறிந்தது.

நினைவு குன்றிய முதியோர் இன்று பல இல்லங்களில் உளர். பேரனின் பெயரை மறந்த பாட்டி, பூத்தொடுக்குங்கால் விரல் தவறுவதில்லை. நேற்று வந்தவரை மறந்த தாத்தா, இன்று வந்தவரை அன்போடு இருத்தி உண்ணச் சொல்லுகின்றார். ஒரு நினைவு நீங்கியமையால் எல்லாம் நீங்கின எனக் கொள்வது அறியாமை. கூறியதையே கூறுகின்றனர் என்று சினவாது, பத்தாம் முறையும் முதன்முறை போல் விடையளித்தலே அறிவுடைமை. நினைவின் இயல்பை உலகுக்குக் கற்பித்தவர் நினைவிழந்த ஒருவரே என்பதை மறவாதிருத்தல், நினைவாற்றல் உடையோர் கடமையாகும்.