பெண் வேடம் கட்டினால் ஆண்மை குறையுமா?

மும்பையின் நட்சத்திர ஓட்டல்களில் ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் நிகழ்ச்சிகள் சில ஆண்டுகளாக நடந்து வருகின்றன. ‘டிராக்’ என்பது இதற்கு மேல்நாட்டார் வைத்த பெயர். 2018-ல் ‘ராணி கோஹினூர்’ என்ற மேடைப் பெயருடைய கலைஞர் இந்தித் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் இந்த வேடத்திலேயே பாடினார்.

இது மேல்நாட்டுச் சீரழிவு, பிள்ளைகள் கெட்டுப் போவார்கள் என்கிறது ஒரு தரப்பு. கலையும் உடையும் அவரவர் உரிமை என்கிறது மறு தரப்பு. அமெரிக்காவிலும் இதே சண்டைதான். டென்னசி மாநிலம் 2023-ல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

இறக்குமதிச் சரக்கா?

மேல்நாட்டுச் சரக்கு என்ற வாதம் நிற்காது. 1913-ல் பால்கே இதே பம்பாயில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படம் எடுத்தபோது நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. ஓட்டலில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞரே அரிச்சந்திரன் மனைவியானார். 1917-ல் வந்த ‘லங்கா தகன்’ படத்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே!

மராத்தி மேடையில் பால கந்தர்வர் (1888–1967) புடவை கட்டிய பாங்கைப் பார்த்துக் குடும்பப் பெண்கள் அதேபோல் உடுத்தினர். 1964-ல் அரசு அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது.

தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ‘ஸ்திரீ பார்ட்’ போட்டவர்கள் சிறுவர்களே. சிவாஜி கணேசனும் சிறு வயதில் சீதை வேடம் கட்டியவர்தான். டி.கே. சண்முகம் ‘ஔவை’ சண்முகம் ஆனது ஔவையார் வேடத்தால். இவர்களில் யாருடைய ஆண்மையையும் எவரும் குறை சொல்லவில்லை.

தாராவியில் வாழும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுடலைமாடன் கொடையில் மகுடம் முழங்க ஆடும் கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுபவர்கள் ஆண்கள். குலசேகரப்பட்டினம் தசராவிலும் ஆண்கள் நேர்ந்துகொண்டு பெண் வேடம் தரிக்கின்றனர்.

மாறியது எது?

அன்று பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால் ஆண் வேடம் கட்டினான். பெண்கள் வந்த பின் அந்த வேடம் கோவிலில் பக்தியாகவும் சினிமாவில் கேலிப் பொருளாகவும் சுருங்கிவிட்டது. இன்றைய கலைஞர் கட்டாயத்தால் அல்ல, விரும்பிக் கட்டுகிறேன் என்கிறார். அங்கேதான் பலருக்கு உறுத்துகிறது.

உறுத்துவதற்குக் காரணம் உண்டு. மில் சங்கு ஊதிய காலத்தில் உடல் வலுவும் வாரச் சம்பளமுமே ஆணுக்கு அடையாளம். 1982 ஜனவரியில் சுமார் 2½ லட்சம் மில் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பின் அந்த அடையாளம் ஆட்டம் கண்டது. பல வீடுகளில் மனைவியின் வருமானமே அடுப்பெரித்தது. பழைய அளவுகோல் கைநழுவும்போது வேடத்தின் மேல் கோபம் பாய்கிறது.

ஆனால் அந்த அளவுகோலாவது ஒழுங்காக இருந்ததா? மாட்டுங்கா ஓட்டல்களில் சமைப்பவரும், விடியுமுன் தாராவியில் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்பவரும் ஆண்களே. கூலிக்குச் செய்தால் ஆண் வேலை, வீட்டில் செய்தால் பெண் வேலை என்பது என்ன கணக்கு?

தடை வழியாகுமா?

மது புழங்கும் இடத்தில் சிறுவர்களை விடக்கூடாது என்ற பெற்றோர் கவலை நியாயமானதே. அது எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும். தடையின் பலனை மகாராஷ்டிரம் ஏற்கெனவே கண்டுவிட்டது. 2005-ல் மதுக்கூட நடனம் தடை செய்யப்பட்டபோது நட்சத்திர ஓட்டல்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிழைப்பை இழந்தவர்கள் ஏழைப் பெண்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது.

வேடம் கட்டுபவரெல்லாம் திருநங்கையர் அல்லர். திருநங்கைக்கு அது வேடமும் அன்று. திருநங்கையர் வழக்கில் 2014 ஏப்ரல் 15-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தம் பாலின உணர்வை உடையாலும் நடையாலும் வெளிப்படுத்துவது கருத்துரிமையில் அடங்கும் என்றது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. வீடும் பள்ளிக்கூடமும்தான் வரவில்லை. நடையில் நளினம் தெரியும் பையனைத் தெருவே கேலி செய்கிறது. தகப்பனும் கை ஓங்குகிறார். மகன் ஆண்பிள்ளையாக வேண்டும் என்று அடிக்கும் அடி, கடைசியில் அவனை ரயிலேற்றித்தான் அனுப்பும். கொடை இரவில் பெண் வேடத்தின் முன் கைகூப்பி நிற்கும் சமூகம், தன் வீட்டுப் பிள்ளையிடமும் அந்த மரியாதையில் கொஞ்சம் காட்டலாம்.