கொல்லலாம், கொலையாகாது!



பழைய ரோமாபுரிச் சட்டத்தில் ஒரு விசித்திரமான தண்டனை இருந்தது. ஒருவனைப் 'புறத்தே தள்ளப்பட்டவன்' என்று அறிவித்துவிட்டால், அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவன் மீது கொலைக்குற்றம் வராது. ஆனால் அவனைத் தெய்வத்திற்குப் பலி கொடுக்கக் கூடாது. மனிதச் சட்டமும் அவனைக் காக்காது, மதச் சடங்கும் அவனை ஏற்காது. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவனுக்கு 'ஹோமோ சாக்கர்' என்று பெயர்.

இரண்டாயிரம் வருடத்துப் பழங்கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? இத்தாலியத் தத்துவவாதி ஜார்ஜோ அகம்பென் 1995ல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இந்த மனிதன் செத்துப் போகவில்லை, நவீன அரசுகளின் அஸ்திவாரத்திலேயே இருக்கிறான் என்பது அவர் வாதம். அரசனின் அதிகாரம் என்பது சட்டம் போடுவதில் இல்லையாம். 'இன்று முதல் உனக்குச் சட்டம் கிடையாது' என்று சொல்லும் உரிமையில்தான் இருக்கிறதாம். இந்தக் கருத்தை 1922லேயே எழுதிய கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மானியச் சட்ட மேதை, 1933ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பொருத்தமான இடம்தான்!

ஹிட்லர் அரசியல் சட்டத்தைக் கிழித்துப் போட்டார் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. ஜெர்மன் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று ஓர் அவசர ஆணை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, தனிமனித சுதந்திரம் எல்லாம் 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டன. அந்தத் தற்காலிகம் 12 ஆண்டுகள் நீடித்தது. பழைய அரசியல் சட்டம் ரத்தாகாமல் அலமாரியில் பத்திரமாக இருந்தது. யூதர்களின் குடியுரிமை 1935ல் பறிக்கப்பட்டது. கூட்டங்கூட்டமாகக் கொல்லும் முகாம் அதற்குப் பிறகு வந்தது. குடிமகன் அல்ல என்று ஆக்கிய பின் மனிதன் அல்ல என்று ஆக்குவது எளிது. 2019 ஆகஸ்டில் அஸ்ஸாமில் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டபோது, இந்த வரிசையை அறிந்தவர்கள் ஏன் பதறினார்கள் என்பது இப்போது புரிகிறதா?

இதோ உங்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு செய்தி. ஆஷ்விட்ஸ் வதை முகாமில் பசியாலும் நோயாலும் நடைபிணமாகிப் போன, பேச்சும் உணர்ச்சியும் அற்றுச் சாவுக்குக் காத்திருந்த யூதக் கைதிகளை மற்றக் கைதிகள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் தெரியுமா? 'முஸல்மான்'! ஆம், நம் பெயர்தான். 1998ல் அகம்பென் எழுதிய ஆஷ்விட்ஸ் பற்றிய நூலில் இதற்கு ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஏன் அந்தப் பெயர்? குனிந்து சுருண்டு கிடப்பது தூரத்திலிருந்து பார்த்தால் தொழுகை போல் தெரிந்ததாம். முஸ்லிம் என்றால் விதியிடம் சரணடைந்து கிடப்பவன் என்று ஐரோப்பா நினைத்ததாம்.

என்ன கொடுமை! இறைவன் ஒருவனுக்கே சிரம் பணிபவன், அதனாலேயே எந்த மனிதனுக்கும் பணிய மறுப்பவன் முஸ்லிம். ஐரோப்பாவின் கற்பனையிலோ, எதிர்ப்பே காட்டாமல் சாகிறவனுக்கு அந்தப் பெயர். அகம்பென் இதைச் சுட்டிக் காட்டுகிறார். ஆனால் ஐரோப்பாவின் மனதில் அந்தப் படம் எப்படி வந்தது என்று தன் வீட்டுக்குள் அவர் தேடவில்லை. தேடியிருந்தால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1930 முதல் அவரது இத்தாலிதான் லிபியாவின் கிழக்குப் பகுதி மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் குடும்பம் குடும்பமாக ஓட்டிச் சென்று பாலைவன முகாம்களில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மடிந்தார்கள். 1931ல் சுலூக் முகாமில் கைதிகளின் கண்ணெதிரே உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டார். உமர் முக்தார் படத்தை வீடியோவில் பார்க்காத நம் வீடுகள் குறைவு. அந்த முகாம்கள் ஆஷ்விட்ஸுக்கு முந்தியவை. அகம்பெனின் கண்ணோ ஆஷ்விட்ஸிலேயே நிலைத்துவிட்டது.

ஆனாலும் ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். 2004ல் அமெரிக்கா தன் நாட்டுக்கு வரும் வெளிநாட்டவரின் கைரேகையைப் பதிய ஆரம்பித்தபோது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த இருந்த அவர் 'வரமாட்டேன்' என்று மறுத்துவிட்டார். குவாண்டனாமோ சிறையைப் பற்றி அப்போதே துணிந்து எழுதினார். அங்கே அடைக்கப்பட்டவர்கள் போர்க்கைதிகளும் அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர்களும் அல்ல, எந்தச் சட்டத்தின் கீழும் பெயரில்லாதவர்கள் என்றார். 2002 முதல் அங்கே கொண்டு வரப்பட்டவர்கள் சுமார் 780 பேர். அத்தனை பேரும் முஸ்லிம்கள். பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளைக்காரனின் ரௌலட் சட்டத்தை எதிர்த்து 1919ல் நாடே கொதித்தது. சுதந்திர இந்தியாவிலோ 1985ல் தடா வந்தது. பத்து ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளே தள்ளியது. குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1995ல் தடா போனது. 2002ல் பொடா வந்தது. 2004ல் பொடா போனது. அதன் பற்களை அந்த ஆண்டே 'ஊபா' சட்டத்தில் பொருத்தினார்கள். 2019ல் அமைப்பை மட்டுமல்ல, தனி மனிதனையும் விசாரணையின்றியே பயங்கரவாதி என அறிவிக்கலாம் என்று திருத்தினார்கள்.

அக்ஷர்தாம் வழக்கை மறந்துவிடாதீர்கள். பொடாவில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டு, மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. வழக்குத் தொடர அனுமதி கொடுத்தவர்கள் யோசிக்காமலேயே கையெழுத்திட்டார்கள் என்று கண்டித்தது. சட்டம் செத்துப் பத்தாண்டு ஆன பிறகும் அதன் கயிறு கழுத்தில் தொங்கியது! அன்றுதான் தேர்தல் முடிவும் வந்தது. எத்தனை பத்திரிகை இதை முதல் பக்கத்தில் போட்டிருக்கும்? கோவை வழக்கில் 1998ல் கைதான அப்துல் நாசர் மதனி 2007ல் குற்றமற்றவர் என விடுதலையானார். ஒன்பது வருடம்! திருப்பிக் கொடுப்பது யார்?

வியாபாரப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. 'அவன் ஏதோ செய்திருப்பான், நமக்கேன் வம்பு' என்று கைதானவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறோமே, அரசு அவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது பாதி. மீதியை மஹல்லா முடிக்கிறது. கடையில் அவன் தம்பிக்கு வேலை இல்லை, தங்கைக்குச் சம்பந்தம் இல்லை. பொடாவைக் கொண்டு வந்த கூட்டணியில் இருந்த வைகோ, அதே ஆண்டு அதே பொடாவில் கைதாகிப் பத்தொன்பது மாதம் உள்ளே இருந்தார். இந்தச் சட்டங்கள் ஆதரித்தவன், எதிர்த்தவன் என்று பார்ப்பதில்லை. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. குற்றம் நிரூபணமாகும் முன்பே தண்டனை எதற்கு என்பதுதான் கேள்வி.

இளைஞனே, உன்னிடமும் சொல்ல வேண்டும். அகம்பெனைப் படித்துவிட்டு 'சட்டம் எல்லாமே பித்தலாட்டம்' என்று கையை உதறிவிடாதே. அவருடைய பலவீனமே அங்குதான். எல்லா அரசும் முகாம், எல்லா மனிதனும் ஹோமோ சாக்கர் என்று ஒரே கோலால் அளக்கிறார். அதனால்தான் 2020ல் கொரோனாவையே இட்டுக்கட்டிய கொள்ளைநோய் என்று எழுதி வழுக்கினார். இத்தாலியில் பிணங்கள் குவிந்தன. இங்கே அந்த அவசரநிலை எல்லோர் மீதும் ஒன்றுபோலவா விழுந்தது? தப்லீக் ஜமாஅத்தின் பெயர் சொல்லி விழுந்தது. வெளிநாட்டுத் தப்லீக்காரர்களைப் பலிகடா ஆக்கினார்கள் என்று சொல்லி, அவர்கள் மீதான வழக்கை 2020 ஆகஸ்டில் ரத்து செய்தது மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு. அதுவும் சட்டம்தான்!

ஆள்பவன் சட்டத்துக்கு மேலே என்பது ஷ்மிட்டின் பாடம். தன் மகளே திருடினாலும் தண்டனை உண்டு என்று அறிவித்தவர் நம் நபி (ஸல்) அவர்கள். முஸ்லிம் நாடுகள் அந்தப் பாடத்தைக் காப்பாற்றினவா என்று கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். எகிப்தில் 1981ல் போட்ட அவசரநிலை 2012 வரை எடுக்கப்படவில்லை.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளே, ஒரு காரியம் செய்யுங்கள். ஊபாவில் கைதானவரைக் குற்றப்பத்திரிகை இல்லாமல் 90 நாள் வைக்கலாம். நீதிமன்றம் அனுமதித்தால் 180 நாள். அந்தக் கெடு முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் அவருடைய உரிமை. ஆனால் மனுப் போட்டால்தான் உரிமை. மனுப் போடுவதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வக்கீல் மறந்தாலும் நாளை எண்ணிக்கொண்டிருக்க மஹல்லாவில் ஓர் ஆள் வேண்டும். சந்தா நோட்டுக்குப் பக்கத்திலேயே அந்தக் கணக்கு நோட்டும் இருக்கட்டும்.