பேருந்தை எடுக்காதீர்கள், ஏறுங்கள்!



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இதனைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "காய்ச்சல் வந்ததால் மருந்து குடித்தேன்" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'குடித்தேன்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'எடுத்துக்கொண்டேன்' என்று திருத்தினேன். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக உயர்த்திவிட்டதாக எனக்கு நினைப்பு! நோட்டை வாங்கிப் பார்த்த அந்தப் பிள்ளை, "எங்க பாட்டி மருந்து குடின்னுதான் சொல்வாங்க, ஐயா" என்றாள். "பேசுவது வேறு, எழுதுவது வேறு" என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன்.

வீட்டிற்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பாட்டி சொன்னது தமிழ். நான் எழுதியதோ தமிழெழுத்து உடுத்திய ஆங்கிலம்.

இந்நோயின் மூலம் 'டேக்' என்னும் ஆங்கில வினைச்சொல். அகராதியில் பார்த்தால் 'எடு' என்றிருக்கும். பிள்ளையும் அதை மனப்பாடம் செய்துகொள்ளும். சிக்கல் அங்கேயே பிறக்கிறது. ஆங்கிலத்தின் எளிய வினைகள்தாம் மிகுதியான பொருள்களைச் சுமப்பவை. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், 'செட்' என்னும் ஒரே வினைக்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. 'டேக்' அதற்கு நெருங்கிய உறவு. ஆங்கிலேயர் பேருந்தை 'டேக்' செய்வர். மருந்தையும், தேர்வையும், குளியலையும், இருக்கையையும், பழியையும் அப்படியே செய்வர். அது அம்மொழியின் இயல்பு. அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. அதைத் தமிழின் தலையில் ஏற்றுவதற்கும் உரிமையில்லை.

இப்பொழுது நம் மாணவர் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள்.

"நான் பேருந்து எடுத்துப் பள்ளிக்கு வந்தேன்."
"அக்காள் தேர்வு எடுத்தாள்."
"வேலை முடிய இரண்டு மணி நேரம் எடுத்தது."
"அப்பா என்னைக் கடைக்கு எடுத்துச் சென்றார்."

அப்பா தூக்கிச் செல்ல இவன் என்ன காய்கறிக் கூடையா? என்ன கொடுமை இது!

தமிழில் பேருந்தில் ஏறுவோம். தேர்வை எழுதுவோம். வேலை முடிய நேரம் ஆகும், அல்லது பிடிக்கும். பிள்ளையை அழைத்துச் செல்வோம். இருக்கையில் அமர்வோம். பொறுப்பை ஏற்போம். அறிவுரையைக் கேட்போம். பழியை வாங்குவோம். சட்டையைக் கழற்றுவோம். விழா நடைபெறும். செடி வேரூன்றும். தாயைப்போல் இருக்கும் மகளை, 'அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள்' என்போம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' வரும். தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை காத்திருக்கிறது.

'எடு' என்பது ஏழைச் சொல் என்றும் எண்ணிவிட வேண்டா. அதற்கும் தனக்கென ஓர் ஆட்சி உண்டு. பசி எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது. திருடன் ஓட்டம் எடுக்கிறான். சான்றோர்க்கு விழா எடுக்கிறோம். பிள்ளை நல்ல பெயர் எடுக்கிறான். இங்கெல்லாம் 'டேக்' போட்டுப் பாருங்கள், ஆங்கிலேயர் சிரிப்பார்! அவர் சிரிக்கும் இடத்தை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். நாம் சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மதிப்பெண் போடுகிறோம்.

இங்கே தமிழ்ப்பற்றாளர் சிலரிடமும் எனக்கு வழக்கு உண்டு. 'பஸ்' என்று எழுதினால் பொங்கி எழுகிறோம். 'பேருந்து' என்று திருத்திவிட்டு மனநிறைவு கொள்கிறோம். ஆனால், சொல்லுங்கள்: 'பஸ்ஸில் ஏறினேன்', 'பேருந்து எடுத்தேன்' ஆகிய இரண்டில் எது தமிழ்? முதல் தொடரில் ஒரு சொல் மட்டும் விருந்தாளி, வீடு நம்முடையது. இரண்டாவதில் சொற்கள் எல்லாம் தமிழ், வீடோ வேறொருவருடையது. பெயர்ச்சொல்லைக் காவல் காத்துக்கொண்டு வினைச்சொல்லைக் கோட்டைவிட்டோம். பிறமொழிச் சொல் கண்ணுக்குத் தெரியும், நாளைக்கே களையலாம். பிறமொழியின் போக்கு கண்ணுக்குத் தெரியாது. நன்கு படித்தவர் வழியாகவே அது நுழைகிறது. என் சிவப்பு மை வழியாக நுழைந்ததைப்போல.

நம் அண்டைவீட்டு மலாய்மொழியைப் பாருங்கள். 'எடு' என்னும் பொருளில் அவர்களிடம் 'அம்பில்' உண்டு. அது வரும் தொடர்களும் பல உண்டு. ஆயினும் பேருந்துக்கு அவர்கள் 'நாயிக்' என்பர், அஃதாவது ஏறு. மருந்துக்கு 'மாக்கான்' என்பர், அஃதாவது சாப்பிடு. நம் பாட்டியின் தமிழும் அதுதானே?

"மொழி மாறத்தானே செய்யும்? ஆங்கிலமே 'டேக்'கை வெளியிலிருந்துதானே பெற்றது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். வைக்கிங்குகளோடு இங்கிலாந்திற்கு வந்த நார்சு மொழிச் சொல் அது. அது வந்தபின் பழைய ஆங்கிலத்தின் சொந்த வினையான 'நிமன்' வழக்கிழந்து போயிற்று. நானும் எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. 'நடவடிக்கை எடுத்தல்', 'முடிவெடுத்தல்' போன்றவை ஊன்றிவிட்டன, இருக்கட்டும். வெற்றிடத்தில் புதியது குடியேறினால் அது வளர்ச்சி. 'ஏறு', 'எழுது', 'குடி', 'ஆகும்' ஆகியவை உயிரோடு இருக்கும்போதே அவற்றை வெளியேற்றுவதற்கு வளர்ச்சி என்றா பெயர்?

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆசிரியர்களே, மருந்து நம் கையிலேயே இருக்கிறது. பானை வனைந்தான், கூடை முடைந்தான், பூக் கொய்தாள், சுவர் எழுப்பினான் என்று வினைமரபு கற்பிக்கிறோம். தேர்வுக்காக மாணவர் அதை ஒப்பிக்கின்றனர். ஆனால், இன்றைய பிள்ளைகளுள் பானை வனைவதைக் கண்டவர் எத்தனை பேர்? அவர்கள் நாள்தோறும் ஏறும் பேருந்துக்கும், எழுதும் தேர்வுக்கும், குடிக்கும் மருந்துக்கும் உள்ள வினைமரபையும் அதே பாடத்தில் சேர்த்துக் கற்பிப்போம். ஒரு பெயர்ச்சொல்லை அறிமுகப்படுத்தும்போது அதற்குரிய வினையையும் கூடவே கரும்பலகையில் எழுதுவோம். 'தேர்வு' என்று மட்டும் எழுதாமல், 'தேர்வு எழுது' என்று எழுதுவோம்.

பெற்றோர்களே, ஆங்கிலச் சொல் ஒன்று, தமிழ்ச்சொல் ஒன்று என வரிசையாக அச்சிட்ட பட்டியல்களை மட்டும் நம்பிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்காதீர்கள். பெயர்ச்சொற்களுக்கு அவை ஓரளவு உதவும். வினைச்சொற்களுக்குக் குழி பறிக்கும். "'டேக்' என்றால் தமிழில் என்ன?" என்று பிள்ளை கேட்டால், உடனே விடை சொல்லிவிடாதீர்கள். "எதை?" என்று திருப்பிக் கேளுங்கள். மருந்தையா, பேருந்தையா, தேர்வையா? அந்த ஒரு கேள்வியில் பிள்ளைக்கு இரண்டு மொழிகளும் விளங்கும். ஆங்கிலச் சொல்லின் விரிவும் புரியும். தமிழ் வினைகளின் வகையும் புரியும்.

வீட்டில் பாட்டி இருந்தால், நீங்கள் இன்னும் பேறு பெற்றவர்கள். பிள்ளையை அவர் அருகில் உட்கார வைத்துப் பேச விடுங்கள். தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த அந்தத் தலைமுறை இலக்கண நூல் படித்ததில்லை. வினைமரபு மட்டும் அவர்கள் நாவில் பிழைபடுவதே இல்லை.

அந்த மாணவியை மறுநாள் அழைத்து, நோட்டை வாங்கி, நான் எழுதியதை நானே அடித்தேன். 'குடித்தேன்' என்று மீண்டும் எழுதி, குறைத்த மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன். "பாட்டி சொன்னதுதான் சரி என்று வீட்டில் சொல்லம்மா" என்றேன்.

நம் சிவப்பு மை, பிள்ளைகளிடம் இருக்கும் நல்ல தமிழை அழிக்கும் கருவியாகிவிடக் கூடாது.

சிந்திப்போம், செயல்படுவோம்!