வைரம் உண்டு, பள்ளி இல்லை!

கனடாவின் வடபுறத்துக் கிராமங்களில் வேலைபார்க்கும் ஆசிரியர், சனி ஞாயிறுகூட ஊருக்குப் போக முடியாது. பனிக்காலம் தவிரச் சாலை கிடையாது. கஷ்டம்தான். ஆனால் அவர் ஒருநாள் திரும்பிவிடுவார். பிள்ளைகள்?

ஜேம்ஸ் வளைகுடாவையொட்டிய அட்டவாபிஸ்காட், கிரீ பழங்குடியினரின் கிராமம். 1979ல் பள்ளிக்கூடத்தின் அடியில் டீசல் கசிந்தது. 2000ல்தான் பள்ளியை மூடினார்கள். பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தார்கள். 2008ல் 90 கிலோமீட்டர் தொலைவில் வைரச் சுரங்கம் திறந்தது. அதே ஆண்டு, பள்ளி கேட்டுத் தலைநகர் சென்ற பிள்ளைகளிடம் மந்திரி கைவிரித்தார்!

முன்னின்ற 13 வயதுச் சிறுமி ஷானன் கூஸ்டாச்சின் 2010ல் விபத்தில் மாண்டாள். போராட்டம் மாளவில்லை. 2014ல் புதுப் பள்ளி எழுந்தது.

தோழர்களே! நல்லாசிரியர் வாய்ப்பது பாக்கியம், பள்ளிக்கூடம் உரிமை. உரிமை தானமாக வராதென்பதே நாம் கற்கும் பாடம்.