ஏலமில்லா அலைக்கற்றையும் சேரியின் சிக்னலும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் கொட்டிய பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்கள் தத்தளித்தன. தாமிரபரணிக் கரையோரம் பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அதே டிசம்பர் 18 அன்று மக்களவையில் தொலைத்தொடர்பு மசோதா அறிமுகமானது. 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த வாரம் அது. அப்படி நிறைவேறிய சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஓர் இனம், நம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிறது. கைபேசிக் கோபுரங்களை இணைக்கும் 'பேக்ஹால்' அலைக்கற்றையை ஏலமின்றி, நிர்வாக ஒதுக்கீடாகவே வழங்கலாம் என்பதே அது.

நம் கைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே நாம் அறிவோம். அந்தக் கோபுரம் எதனோடு இணைந்திருக்கிறது என்று கேட்பதில்லை. நகரங்களில் பெரும்பாலும் மண்ணுக்கடியில் செல்லும் கண்ணாடி இழை வடம் அதை இணைக்கிறது. வடம் எட்டாத இடங்களில், கோபுரத்தின் உச்சியில் பொருத்தப்பட்ட வட்டத் தட்டு போன்ற மைக்ரோவேவ் ஆன்டெனா, அடுத்த கோபுரத்தை நேர்க்கோட்டில் நோக்கி அலையை அனுப்புகிறது. அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது எனச் சங்கிலி நீண்டு, கடைசியில் வடம் உள்ள ஊரை அடைகிறது. சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், அதற்கப்பால் உள்ள கோபுரங்கள் அனைத்தும் ஊமையாகும்.

தென்காசி மாவட்டத்தில் இதற்கு இரு சோதனைகள் உண்டு. ஒன்று மலை. மேற்குத் தொடர்ச்சி மலை நேர்க்கோட்டை மறைப்பதால், குற்றாலம் முதல் வாசுதேவநல்லூர் வரையிலான அடிவாரக் குடியிருப்புகள் பெரும்பாலும் கிழக்கேயுள்ள சமவெளியிலிருந்துதான் இணைப்புப் பெற வேண்டும். மற்றொன்று மழை. அலைவரிசை உயர உயர மழைத்துளி அதை அதிகமாக விழுங்கும். 15, 18 கிகாஹெர்ட்ஸ் அலைகள் பல கிலோமீட்டர் தாண்டும். அவற்றைவிடப் பன்மடங்கு தரவைச் சுமக்கும் 'ஈ-பேண்ட்' அலைகளோ (71 முதல் 86 கிகாஹெர்ட்ஸ்) பொதுவாகச் சில கிலோமீட்டருக்கே தாங்கும். குற்றாலத்துச் சாரல் இவற்றைப் பெரிதாக வருத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் கனமழை வருத்தும். அப்போது கருவி இணைப்பை அறுக்காமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். கைபேசியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், தரவு நகராது.

இது வசதிக் குறைவு மட்டும்தானா? சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தை நினைவுகூர்வோம். 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிப் பட்டியல் சாதிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொளி வாட்ஸ்அப்பில் பரவியது. அதன் பிறகே கைது நடந்தது, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஊர் நுழைவுத் தடைப் பிரிவும் கையிலெடுக்கப்பட்டது. அந்தக் காணொளி வெளியே வராதிருந்தால் அக்கொடுமை ஊர் எல்லைக்குள்ளேயே புதைந்திருக்கும். வன்கொடுமைப் புகாருக்கான 14566 என்ற உதவி எண்ணுக்கும் சிக்னல் வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. ஒளிப்படம் பதிவேறாத நாளின் கூலி கேள்விக்குள்ளானது. கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் ரேஷன் கடைக் கைரேகைப் பதிவும் இணையத்தையே நம்பியுள்ளன.

ஆனால் அரசு எண்ணுவது கிராமத்தை. வருவாய்க் கிராமத்தில் சிக்னல் இருந்தால் அது 'சேவை பெற்ற கிராமம்'. ஊரும் சேரியும் தனித்தனியே இருப்பதைச் சாதி தீர்மானித்தது. கணக்கெடுப்போ இரண்டையும் ஒன்றாக்கிச் சேரியை மறைக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகளின்படி, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட சேவை முடக்கத்தை நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். அதுவும் மாவட்ட அளவில்தான். சங்கிலியின் கடைசிக் கோபுரம் மூன்று நாள் ஊமையாகக் கிடந்தாலும், தென்காசி நகரில் சேவை இருக்கும்வரை அது முடக்கமாகப் பதிவாகாது.

இங்கேதான் சட்டம் நமக்குப் பிடிமானம் தருகிறது. காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வங்கக் கிரிக்கெட் சங்க வழக்கில் கூறியது. 2012 பிப்ரவரியில் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு விடையளிக்கையில், ஏலம் மட்டுமே ஒரே வழி அல்ல, ஆனால் ஒதுக்கீடு பொது நன்மைக்கு உதவ வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. எனவே ஏலமின்றி அலைக்கற்றை பெறும் நிறுவனத்திடம், பொது நன்மை எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. டிராய் 2025 மே மாதம் மைக்ரோவேவ் அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்துக் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. ஒதுக்கீட்டு முறை, கட்டணம், கால அளவு ஆகியவையே அத்தகைய விவாதங்களின் மையம். நம் குடியிருப்புகள் அதற்கு வெளியே நிற்கின்றன.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. முதலாவது, சேவைப் பரப்பைக் கிராமவாரியாக அல்லாமல் குடியிருப்புவாரியாகக் கணக்கிட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் பட்டியலை நிறுவனங்கள் வெளியிடும் சேவை வரைபடத்தின் மேல் பொருத்தினாலே உண்மை வெளிவரும். இரண்டாவது, ஒவ்வொரு கோபுரமும் வடத்தில் இணைந்துள்ளதா, மைக்ரோவேவில் எத்தனையாவது கண்ணி, மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வெளியிடுவது ஒதுக்கீட்டின் நிபந்தனையாக வேண்டும். முடக்கமும் கோபுர அளவில் பதிவாக வேண்டும். மூன்றாவது, டிஜிட்டல் பாரத் நிதியின் 2024ஆம் ஆண்டு விதிகள் சமூக, பொருளாதார ரீதியில் நலிந்த பிரிவினரைச் சேவை எட்டாத குழுக்களுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அந்நிதியிலிருந்து கடைசிக் கோபுரங்களுக்கு வடம் கேட்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். டிராயின் மைஸ்பீட் செயலியால் ஊரிலும் சேரியிலும் ஒரே நேரத்தில், வெயிலிலும் மழையிலும் வேகத்தை அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக்குங்கள். சேரியின் சிக்னல் குறித்து அரசிடம் கணக்கு இல்லையென்றால், நம்மிடம் அது இருக்க வேண்டும்.